தொண்டை நாட்டு ஏரிகளும் வேடந்தாங்கல் கவுலும்

காஞ்சிபுரத்துக்கு வடமேற்கே, சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள தாமல் என்னும் ஊர், பழைய தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்றுக்குப் பெயர் தந்த ஊராகும். கோட்டம் என்பது நாடுகள் எனப்பட்ட சிறு பிரிவுகளையும் அவற்றுள் அடங்கிய ஊர்களையும் கொண்ட ஆட்சிப் பிரிவு. சோழர் காலக் கல்வெட்டுகள் இவ்வூரைத் தாமர் என்றும் அதனைச் சூழ்ந்த நிலப்பகுதியைத் தாமர்க் கோட்டம் என்றும் குறிப்பிடுகின்றன. வராகீசுவரர் கோயிலும் தாமோதரப் பெருமாள் கோயிலும் இவ்வூரின் பழமைக்குச் சான்றாக நிற்பினும், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் இவ்வழியே செல்வோரின் கண்ணை முதலில் நிறைப்பது, காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்றாகிய தாமல் ஏரியே. நுழைவுக் கட்டணம், காவற்கோபுரம், படகுத்துறை ஆகியவை ஏதும் இல்லாத இந்நீர்ப்பரப்பை எவரும் பூங்கா என்று அழைப்பதில்லை. ஆயினும், தமிழ்நாட்டில் நீர்நிலையும் அதனைச் சார்ந்த உயிர்களும் காக்கப்பட்ட வரலாற்றை எழுத முற்படுவோர், இத்தகைய பாசன ஏரிகளிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

இயற்கை நிலப்பரப்பைப் பூங்காவாக்கி, மக்களின் பொழுதுபோக்குக்கும் உயிரினங்களின் பாதுகாப்புக்கும் அரசே ஒதுக்கி வைப்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் உருவான வழக்கம். 1872இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1885இல் நியூயார்க் மாநில அரசு நயாகரா அருவியைச் சூழ்ந்த நிலத்தைத் தன் பொறுப்பில் எடுத்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. குடியேற்றம், உழவு, தொழில் ஆகியவற்றின் கை படாமல் ஒரு நிலப்பகுதியை விலக்கி வைப்பதே அங்கெல்லாம் பாதுகாப்பின் அடிப்படையாக இருந்தது. தொண்டை நாட்டில் இம்முறைக்கு இடமே இருந்ததில்லை. ஏனெனில் இங்குள்ள ஏரிகளுள் மிகப் பெரும்பாலானவை மனிதர் வெட்டியும் கரை கட்டியும் உண்டாக்கியவை; அவற்றின் நீர் நெல்வயலுக்கும், மீன் ஊரின் வருவாய்க்கும், வண்டல் உழவனின் நிலத்துக்கும், கரையோர மேய்ச்சல் கால்நடைகளுக்கும் உரியவை. இவ்வாறு ஊரின் பயன்பாட்டில் முழுமையாக ஆழ்ந்திருந்த ஒரு சிற்றேரியே பின்னர் நாட்டின் மிகப் பழமையான நீர்ப்பறவைக் காப்பிடங்களுள் ஒன்றாகப் பெயர் பெற்றது. அதுவே இன்றைய செங்கல்பட்டு மாவட்டம், மதுராந்தகம் வட்டத்தில் உள்ள வேடந்தாங்கல்.

ஆண்டு முழுவதும் நீரோடும் பேராறு இல்லாத தொண்டை நாட்டில், பாலாறும் செய்யாறும் பருவமழையின்போது சில வாரங்கள் பெருகிப் பின்னர் மணலாகக் கிடப்பவை. அச்சில வாரங்களின் நீரைத் தேக்கி வைத்தாலன்றி உழவு நடவாது என்பதை உணர்ந்த பல்லவர்கள், ஏரி அமைப்பதை அரசனின் தலையாய அறமாகக் கொண்டனர். மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மனின் பெயரால் அமைந்த மகேந்திர தடாகமும், மாமண்டூரில் அவனுடைய பட்டப்பெயரை ஏற்ற சித்திரமேக தடாகமும், உத்திரமேரூரில் வைரமேக தடாகமும் அவ்வழி வந்தவை. காஞ்சிபுரத்துக்கு வடக்கே உள்ள கூரம் என்னும் ஊரில் கிடைத்த செப்பேடு, முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில் பரமேசுவர தடாகம் என்ற ஏரி அமைக்கப்பட்டதையும், பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால்வாய் வழியாக நீர் கொண்டுவரப்பட்டதையும் தெரிவிக்கிறது. தாமலும் கூரமும் காவேரிப்பாக்கமும் அடங்கிய இப்பகுதி முழுவதும், பாலாற்று வெள்ளத்தைப் பல கிளைகளாகப் பிரித்து ஏரிகளில் சேர்க்கும் பெருந்திட்டம் ஒன்றின் களமாக இருந்தது எனலாம்.

இத்தகைய ஏரியின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்பது, பின்னர் வரும் செய்திகளை விளங்கிக்கொள்ள உதவும். நிலம் இயல்பாகச் சரியும் திசைக்குக் குறுக்கே, பிறை வடிவில் மண்ணைக் கொட்டி இறுக்கிய மேடு கரை எனப்படும். கரையின் அடியில் நீரைத் திறந்துவிடும் வழி மதகு அல்லது தூம்பு; ஏரி நிறைந்தபின் மிகுநீர் கரையை உடைக்காமல் வழிந்து செல்லக் கல்லால் கட்டப்பட்ட தாழ்ந்த பகுதி கலங்கல். கலங்கலில் வழியும் நீர் வீணாவதில்லை; அது போக்குக்கால் வழியே அடுத்த ஊரின் ஏரிக்கு வரத்தாகிறது. இவ்வாறு மேலேரி நிறைந்து கீழேரிக்கும், கீழேரி நிறைந்து அதற்கும் கீழுள்ள தாங்கலுக்கும் நீர் இறங்கிச் செல்வதால், ஏரிகள் தனித்தனியே இயங்காமல் சங்கிலித் தொடராக இயங்கின. தாங்கல் என்பது தொண்டை நாட்டு வழக்கில் சிறிய ஏரியைக் குறிக்கும் சொல். சென்னையைச் சுற்றியுள்ள பல ஊர்ப் பெயர்களில் இன்றும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏரி நீர் பாயும் வயற்பரப்பு ஆயக்கட்டு எனப்பட, மதகைத் திறப்பதும் வயலுக்கு வயல் முறை வைத்து நீர் விடுவதும் நீர்க்கட்டி என்ற ஊர்ப்பணியாளரின் வேலையாக இருந்தது.

ஏரியைக் கட்டுவது அரசனின் அறமாக இருந்தாலும், அதனைக் கட்டிக் காப்பது ஊரின் கடமையாக இருந்தது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழனின் ஆட்சிக்காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஊர்ச்சபையின் உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த விதிகளுக்காகப் பெரிதும் பேசப்படுகின்றன. ஊர் 30 குடும்புகளாக, அதாவது இன்றைய வட்டாரப் பிரிவுகளை ஒத்த பகுதிகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில் இடப்பட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கப்பட்டன. இம்முறையில் அமைந்த குழுக்களுள் ஆண்டுமுழுதும் பொது நிருவாகத்தைக் கவனித்த சம்வத்சர வாரியத்துடன், தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் இருந்தன என்பது இக்கட்டுரையின் பொருளுக்கு மிக நெருக்கமான செய்தி. தோட்டத்துக்கு 12 பேர், ஏரிக்கு 6 பேர் என உறுப்பினர் எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டிருந்தது. வாரியத்தில் இடம்பெற விரும்பியவர் வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராகவும், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவராகவும் இருக்க வேண்டும். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். நிலமற்றவருக்கும் பெண்களுக்கும் இச்சபையில் இடம் இருக்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், நீர்நிலையைக் காக்கும் பொறுப்புக்குத் தனிக் குழு வேண்டும் என்றும், அதன் உறுப்பினர் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்றும் எண்ணிய சமூகத்தின் நேர்மை பெரிதும் மதிக்கத்தக்கது.

ஏரியில் ஆண்டுதோறும் படியும் வண்டலை ஓடங்களில் ஏறிச் சென்று அள்ளுவதற்குச் செய்யப்பட்ட அறக்கொடைகளும், ஏரியின் மீன் குத்தகையால் வந்த வருவாயை அவ்வேரியின் பராமரிப்புக்கே செலவிட வேண்டும் என்ற ஏற்பாடுகளும், ஏரிப்பட்டி என்ற பெயரில் அதற்கென ஒதுக்கப்பட்ட நிலங்களும் கல்வெட்டுகளில் இடம்பெறுகின்றன. பிற்காலத்தில் இம்மரபே குடிமராமத்து என்ற பெயரில் தொடர்ந்தது. ஆயக்கட்டில் நிலம் உடைய ஒவ்வொரு குடும்பமும் ஆள் அனுப்பியோ கூலி கொடுத்தோ கரையையும் வரத்துக்காலையும் செப்பனிடும் முறையே குடிமராமத்து. 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளர் செங்கல்பட்டுச் சாகீரில் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தபோது தொகுக்கப்பட்ட கணக்குகளில், விளைச்சலிலிருந்து கோயிலுக்கும் ஊர்ப்பணியாளருக்கும் பிரிக்கப்பட்ட பங்குகளோடு ஏரிக்குரிய பங்கும் காட்டப்பட்டுள்ளது. சாகீர் என்பது ஆர்க்காட்டு நவாபு முகமது அலி 1763இல் கிழக்கிந்தியக் கும்பினிக்கு வழங்கிய நிலப்பகுதி. காஞ்சிபுரமும் மதுராந்தகமும் வேடந்தாங்கலும் அதில் அடங்கின.

இந்த ஒழுங்கைப் போர் குலைத்தது. 1780இல் மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலி, ஆர்க்காட்டு நவாபின் கருநாடகப் பகுதிக்குள் படையெடுத்து வந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் நாள், காஞ்சிபுரத்துக்கு வடக்கே புள்ளலூரில் கும்பினியின் கர்னல் பெய்லி தலைமையிலான படை முற்றிலும் தோற்றது. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் சாகீரின் ஊர்கள் பல ஆளின்றிப் போயின, கரைகள் உடைந்தன, உடைந்தவற்றைக் கட்ட ஆட்களும் இல்லை, நெல்லும் இல்லை. பஞ்சம் அதன்மேல் வந்து சேர்ந்தது. இவ்வழிவுக்குப் பின் 1794இல் சாகீரின் ஆட்சியராகப் பொறுப்பேற்ற லயனல் பிளேஸ், இப்பகுதியின் வரலாற்றில் ஒன்றுக்கொன்று முரணான இரு முகங்களுடன் தோன்றுகிறார். வருவாயை உயர்த்துவதற்காக, நிலவுரிமை கொண்ட மிராசுதாரர்களிடம் கடுமையாக நடந்தவர் அவர். அதே வேளையில், ஏரிகள் செப்பமாக இல்லாவிட்டால் வருவாய் என்பதே இல்லை என்று தெளிந்து அவற்றைப் பழுதுபார்க்கப் பணம் செலவிட்டவரும் அவரே. மதுராந்தகம் ஏரி பலமுறை உடைந்ததாகவும், 1798இல் பெருமழையின்போது இராமனும் இலக்குவனும் வில்லேந்திக் கரையைக் காத்ததை அவர் கண்டதாகவும், அதனால் அவ்வூர் இராமர் கோயிலில் தாயார் சன்னிதியைக் கட்டித் தந்ததாகவும் சொல்லப்படும் கதை தமிழ்நாட்டில் பரவலாக அறியப்பட்டது. ஏரி காத்த இராமர் கோயில் எனப்படும் அக்கோயிலில் அவர் பெயரைக் கூறும் கல்வெட்டு இன்றும் உள்ளது. தெய்வம் கரையில் நின்றதா என்பது வரலாற்றாசிரியரின் கேள்வி ஆகாது. ஓர் ஏரி உடையாமல் நின்றதைத் தெய்வச் செயலாகவே மக்கள் நினைவில் வைத்தனர் என்பதிலிருந்து, அந்தக் கரைக்கு அவர்கள் கொடுத்த மதிப்பு தெரிகிறது.

மதுராந்தகத்தில் இக்கதை நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் அதே 1798ஆம் ஆண்டில்தான் வேடந்தாங்கல் ஊராருக்குக் கவுல் வழங்கப்பட்டது. கவுல் என்பது ஆட்சியாளர் குடிகளுக்கு எழுத்தில் தரும் உறுதிமொழி. குத்தகை விதிகள், வரிச் சலுகைகள், அடைக்கலம் முதலியவற்றுக்காக அக்காலத்தில் கவுல் பெறுவது வழக்கம். பறவைகளுக்காகப் பெற்றது அதுவரை கேள்விப்படாதது. சிறுபரப்புடைய அவ்வேரி, அப்பகுதியின் நிலக்கிழார்கள் வேட்டையாடும் இடமாக முன்பிருந்தே இருந்து வந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படைவீரர்கள் அங்கு வந்து கூடு கட்டியிருந்த பறவைகளைச் சுட்டபோது, ஊர் மக்கள் திரண்டு ஆட்சியரிடம் முறையிட்டனர். ஏரிப் பறவைகளை எவரும் சுடவோ பிடிக்கவோ கூடாது என்ற உறுதியை அவர்கள் எழுத்து வடிவில் பெற்றுத் திரும்பினர். கேட்டவர் உழவர், கொடுத்தவர் வருவாய் அதிகாரி. வனத்துறை என்ற ஒன்றே இந்தியாவில் தோன்றாத காலம் அது. கடற்பறவைகளைக் காக்கப் பிரித்தானிய நாடாளுமன்றம் முதற்சட்டம் இயற்றியது 1869இல். யெல்லோஸ்டோன் அதற்கும் பிந்தியது. வேடந்தாங்கல் கவுல் இவ்விரண்டுக்கும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் முந்தியது.

ஊரார் இவ்வளவு முனைந்ததற்குப் பறவைகள்மீது கொண்ட பரிவு ஒரு காரணம் என்றால், அவர்களுடைய உழவு மற்றொரு காரணம். ஏரிக்குள் நீர்க்கடம்பு மரங்களும் கருவேல மரங்களும் நிற்கின்றன. மழைக்குப் பின் மாதக்கணக்கில் அடிமரம் நீரில் மூழ்கியிருந்தாலும் அழுகாமல் தாங்கும் இயல்பு இவற்றுக்கு உண்டு. நீர் சூழ்ந்த மரத்தில் கட்டிய கூட்டை நரியும் காட்டுப்பூனையும் எளிதில் அடைய முடியாது என்பதால், பெருங்கூட்டமாக இனப்பெருக்கம் செய்யும் பறவைகள் இத்தகைய மரங்களையே நாடுகின்றன. ஒரே மரத்தில் உச்சிக் கிளைகளில் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும், அவற்றுக்குக் கீழே வெள்ளை அரிவாள்மூக்கனும் கரண்டிவாயனும், இன்னும் தாழ நீர்க்காகமும் வக்காவும் சிறு கொக்கும் என அடுக்கடுக்காகக் கூடுகள் அமைகின்றன. இந்தக் கூடுகளிலிருந்து இடைவிடாமல் நீரில் விழும் எச்சத்தில் நைட்ரஜனும் பாஸ்பரசும் செறிந்திருக்கின்றன. சில வாரங்களில் மரங்களின் இலைகள் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெளுக்கின்றன. ஏரி நீரும் உரமேறிப் பச்சை நிறம் கொள்கிறது. அந்நீர் மதகு வழியாக ஆயக்கட்டில் பாயும்போது, அவ்வயல்களுக்குத் தனியே எரு இட வேண்டிய தேவை குறைகிறது. வேதியியல் விளக்கம் கிடைப்பதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே, பறவை தங்கும் ஏரியின் நீர் பாயும் வயலில் நெல் செழிக்கிறது என்பதை வேடந்தாங்கல் உழவர் கண்ணால் கண்டு அறிந்திருந்தனர். தம் வயலுக்கு வரும் நன்மையைத் தடுப்பவரைத் தடுக்கும் உரிமை தமக்கு உண்டு என்ற தெளிவோடுதான் அவர்கள் ஆட்சியர் முன் சென்று நின்றனர்.

பிற்காலத்தில் வட இந்தியாவில் நிகழ்ந்தவற்றை நினைவில் கொண்டால் இக்கவுலின் அருமை தெளிவாகும். பரத்பூரில் அரச குடும்பம் கரை கட்டி நீர் தேக்கி உருவாக்கிய கேவலாதேவ் நீர்நிலை, வாத்து வேட்டைக்கென்றே பேணப்பட்டது. 1938 நவம்பரில் அங்கு வேட்டைக்கு வந்த வைசிராய் லின்லித்கோவின் குழு ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1936இல், செங்கல்பட்டு ஆட்சியர் வேடந்தாங்கலைப் பறவைக் காப்பிடமாக ஏற்று அறிவித்திருந்தார். இந்தியாவின் முதல் தேசியப் பூங்காவாகிய ஹெய்லி பூங்கா, இன்றைய கார்பெட், நிறுவப்பட்டதும் அதே 1936இல்தான். புலிக்காக ஒதுக்கப்பட்ட பெருங்காட்டுக்குக் கிடைத்த புகழ், நெல்வயல்களுக்கு நடுவே கிடந்த 30 எக்டேர் தாங்கலுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குறையைப் பெருமளவு நீக்கியவர், அ. மாதவையாவின் மகனும் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேர்ந்த இயற்கை எழுத்தாளருமான மா. கிருஷ்ணன். வேடந்தாங்கலில் நெடுங்காலம் பறவைகளைக் கவனித்து எழுதிய அவர், அங்கு காப்புப் பணியைச் செய்தவர்கள் ஊர் மக்களே என்பதை வெளியுலகுக்கு எடுத்துரைத்தார்.

விடுதலைக்குப் பின் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1962இல் 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தின் கீழும், 1972இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அதன் கீழும் ஏரி கொண்டுவரப்பட்டது. 1989இல், அங்கிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கரிக்கிலி ஏரியும் சரணாலயம் ஆயிற்று. 1998இல் வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையுள்ள பகுதி சரணாலய எல்லைக்குள் சேர்க்கப்பட்டது. 2022இல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் ராம்சார் தளங்களாகப் பட்டியலில் இடம்பெற்றன. ஈரநிலங்களைக் காப்பதற்காக ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் 1971இல் கையெழுத்தான பன்னாட்டு ஒப்பந்தத்தின் பெயரே இத்தளங்களுக்கு வழங்குகிறது. கரையின்மேல் நடைபாதையும் காவற்கோபுரமும் அமைந்து, நவம்பர் முதல் மார்ச் வரை பள்ளிப் பிள்ளைகளும் குடும்பங்களும் தொலைநோக்கியுடன் வந்து கூடும் இடமாக அது மாறியிருக்கிறது. அங்கே படகு விடப்படுவதில்லை. மக்கள் கரையில் நின்றே பார்த்துத் திரும்புகின்றனர். பொழுதுபோக்குக்கு எல்லை வகுத்த இந்த ஒழுங்கு மிகவும் போற்றத்தக்கது.

எனினும், இவ்வரலாற்றில் சட்டம் வகுத்தவர்களின் கண்ணில் நெடுங்காலம் படாமல் போன உண்மை ஒன்று உண்டு. வேடந்தாங்கலில் கூடு கட்டும் பறவைகளுக்கு அவ்வேரி உறங்கும் அறை மட்டுமே. அவற்றின் அடுக்களை வேறு இடங்களில் இருக்கிறது. 30 எக்டேர் நீர்ப்பரப்பில் உள்ள மீன், ஆயிரக்கணக்கான பறவைகளின் குஞ்சுகளுக்குப் போதாது. ஆகவே நாள்தோறும் காலையில் அவை கூட்டமாக எழுந்து சுற்றியுள்ள ஏரிகளுக்கும் வயல்களுக்கும் பறந்து சென்று இரை கொண்டு திரும்புகின்றன. நத்தைகுத்தி நாரை நெல்வயல்களில் நத்தை பொறுக்குகிறது. கூழைக்கடா ஆழமான பேரேரிகளில் மீன் அள்ளுகிறது. கொக்கு, வக்கா போன்றவை மதகடிச் சகதியிலும் வாய்க்காலிலும் தவளையும் சிறு மீனும் தேடுகின்றன. மழை பொய்த்த ஆண்டுகளில் சுற்றுப்புற ஏரிகள் நிறையாவிட்டால் பறவைகளின் வரவு குறைந்துபோவதும், வந்தவை முன்கூட்டியே கலைந்து செல்வதும் இதனாலேயே. 5 கிலோமீட்டர் எல்லை என்பது இவ்வுண்மையை ஓரளவேனும் ஏற்றுக்கொண்டதன் அடையாளம். 2020இல் அவ்வெல்லையை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது பறவை ஆர்வலரும் மக்களும் கடுமையாக எதிர்த்ததற்கும் இதுவே நியாயமான காரணம்.

சரணாலய எல்லைக்கு வெளியே உள்ள ஏரிகளின் நிலை வேறு. 19ஆம் நூற்றாண்டில் ஏரிகள் பொதுப்பணித் துறையின் பொறுப்புக்குச் சென்றபின், ஏரி மானியங்கள் அரசின் வருவாயோடு கலந்தன. 1858இல் குடிமராமத்தைக் கட்டாயமாக்க ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது என்பதிலிருந்து, ஊரார் விரும்பிச் செய்துவந்த வேலை அப்போது எவ்வளவு தளர்ந்துவிட்டது என்பது விளங்கும். பின்னர் மின் இறைப்பான் வந்தது. ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர் மதகைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய தேவை குறைந்தது. வரத்துக்கால்கள் தூர்ந்தும் மனைகளாகியும் மறைந்தன. பாலாற்றில் மணல் அள்ளப்பட்டு ஆற்றின் மட்டம் தாழ, கால்வாய்த் தலைகள் ஆற்றை விட்டு உயரத்தில் நின்றன. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்து காஞ்சிபுரம் பகுதியின் ஏரிகள் பல நிறைந்தபோது, இந்த ஏரித்தொடரின் பழைய வலிமை சில வாரங்களேனும் மீண்டும் வெளிப்பட்டது.

தாமல் ஏரி இத்தகைய ஏரிகளுள் ஒன்று. எந்தச் சரணாலயப் பட்டியலிலும் அதற்கு இடமில்லை. கவுல் பெற்றுத் தந்த கதையும் அதற்கு இல்லை. ஆனால் நீர் நிறைந்த ஆண்டுகளில் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் இரை தேடும் நீர்ப்பரப்பு அது. ஆயக்கட்டு விளைவதும், சுற்றிலும் கிணறுகளில் நீர் ஊறுவதும் அதனால்தான். நீர்வளத் துறையின் ஏட்டில் பாசன ஏரியாக மட்டுமே பதிவாகியுள்ள இத்தகைய நீர்நிலைகளின் கரை, கலங்கல், வரத்துக்கால் ஆகியவற்றைச் செம்மையாக வைத்திருப்பதற்கு ஒதுக்கப்படும் பணம் வனத்துறையின் காட்டுயிர்ப் பாதுகாப்புக் கணக்கில் சேர்வதில்லை; வேடந்தாங்கல் பறவைகள் இரை தேடிச் செல்லும் ஏரிகளின் வண்டல் அள்ளும் வேலையும் பறவைக் காப்பு வேலையாகக் கருதப்படுவதில்லை. 1798இல் ஆட்சியர் முன் நின்ற உழவர்களுக்கு ஏரியும் வயலும் பறவையும் ஒரே கணக்கில் இருந்தன. இன்று அவை மூன்று துறைகளின் மூன்று கோப்புகளில் இருக்கின்றன.